அந்த வால்வு எந்த வெண்டர்?

சதீஷ் தவான் மட்டும் அன்றைக்கு அந்தப் பத்திரிகையாளர் கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் எனக்கு எத்தனையோ சனிக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும். போன சனிக்கிழமையும் மிச்சமாகியிருக்கும்.

ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரிசார்ட். பல்லைக் கிட்டிக்க வைக்கிற ஏ.சி., வட்ட மேஜைகள், மேஜைக்கு ஒரு கிண்ணம் பெப்பர்மிண்ட், ஆளுக்கொரு குட்டி நோட்டு, எழுதாத பேனா. டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் டிரெய்னர் குரலைத் தாழ்த்தினார். விளக்கைக் குறைக்கச் சொன்னார். எங்கிருந்தோ புல்லாங்குழல் கிளம்பியது. பக்கத்து நாற்காலி ஸ்டோர்ஸ்காரர் என் காதருகே குனிந்து, "ஸ்ரீஹரிகோட்டாவா?" என்றார்.

"வேற எங்க போவாரு?" என்றேன்.

"1979..." என்று ஆரம்பித்தார் டிரெய்னர்.

கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதென்றால் நீங்கள் இன்னும் வேலைக்குப் போகவில்லை, அல்லது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறீர்கள், எப்படியிருந்தாலும் வாழ்த்துகள். ராக்கெட் கடலில் விழுந்த அன்று இஸ்ரோ தலைவர் தாமே மைக் முன்னால் போய் நின்று பழியை வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் ராக்கெட் ஒழுங்காகப் போனது. அன்று கலாமைக் கூப்பிட்டு, கூட்டத்தை நீங்கள் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார். கதை இவ்வளவுதான். இதற்கு எதற்குப் புல்லாங்குழல் என்று எனக்குப் புரியவில்லை.

கதை மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நடந்த கதை. கலாமே மேடை மேடையாகச் சொன்னது. அவர் வாயால் கேட்டால் இன்றைக்கும் தொண்டையை அடைக்கும். என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள் மேல்தான். எங்கள் ஜி.எம். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், கைக்குட்டையை எடுத்தார், இடது கண், வலது கண், கடைசியில் மூக்கு. அதே மனிதர் திங்கட்கிழமை காலை சீட்டில் உட்கார்ந்ததும் அடித்த முதல் மெயில்: "பேரிங் வராததற்கு யார் பொறுப்பு? மாலைக்குள் பெயர் வேண்டும்." சி.சி.யில் எம்.டி. தொடங்கி கேண்டீன் காண்டிராக்டர் வரை இருந்தார்கள்.

இதற்கு நடுவில் ஹெச்.ஆரிலிருந்து ஒரு படிவம் வேறு. "உங்களைச் செதுக்கிய மேலாளர்: 150 சொற்களுக்குள் எழுதுக." புதன்கிழமைக்குள் தர வேண்டுமாம். ஆண்டு மலரில் போடுவார்களாம்.

எனக்கு அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தார். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த ஸ்ரீஹரிகோட்டா விவகாரத்தை ஒரு வழியாக முடித்துவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் மட்டுமே இந்தக் கதைக்கு ஏகப்பட்ட பாடபேதங்கள் வழங்குகின்றன. உ.வே.சா. இருந்திருந்தால் பிரதி பிரதியாக ஒப்பிட்டு அடிக்குறிப்புப் போட்டிருப்பார். ஒரு டிரெய்னரின் பிரதியில் கலாமின் சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருக்கிறது. இன்னொருவர் பிரதியில் தவான் தன் கோட்டைக் கழற்றிக் கலாமுக்குப் போர்த்துகிறார். ஆகஸ்ட் மாதத்து ஸ்ரீஹரிகோட்டாவில் கோட்டைப் போர்த்தினால் அதற்குப் பெயர் தண்டனை. ஒருவர் மழை பெய்ய வைத்தார். ஒருவர் ராக்கெட்டை பி.எஸ்.எல்.வி. ஆக்கினார், அது முதலில் கிளம்பியதே 1993-இல்தான். உச்சகட்டமாக ஒருவர் தவானையே தூக்கிவிட்டு அந்த இடத்தில் விக்ரம் சாராபாயை நிறுத்தினார். சாராபாய் 1971 டிசம்பரிலேயே காலமாகிவிட்டவர். காலமாகி ஏழரை வருஷம் கழித்தும் எழுந்து வந்து பழியை ஏற்றுக்கொள்கிறவர் என்றால் அது தலைமைப் பண்புதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் கையைத் தூக்கிச் சொன்னேன். டிரெய்னர் கனிவாகப் புன்னகைத்து, "சார், கருத்தை மட்டும் எடுத்துக்கோங்க" என்றார். ஜி.எம். திரும்பிப் பார்த்தார். அந்த வருஷ அப்ரைசலில் எனக்கு "கற்றலில் ஆர்வம்" என்ற கட்டத்தில் விழுந்த மார்க்கை இங்கே சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

நடந்தது இது. 1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.-3. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டங்கள். இத்தனையும் சேர்ந்து மேலே தூக்கிக்கொண்டு போகக்கூடியது 40 கிலோ, எங்கள் ஜி.எம்.மின் லேப்டாப் பையைவிடக் கொஞ்சம் கூட. ஏவுவதற்குச் சற்று முன் கம்ப்யூட்டர் "நிறுத்து" என்றது. கூட இருந்த நிபுணர்கள் பரவாயில்லை என்றார்கள். கம்ப்யூட்டரை மீறி ஏவச் சொன்னது தான்தான் என்று கலாமே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். முதல் கட்டம் சரியாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில், மூட வேண்டிய ஒரு வால்வு மூடாமல் போனதால் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் ஒழுகித் தீர்ந்திருந்தது. ராக்கெட் தள்ளாடியது. 317 விநாடி ஆயுள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் போய் விழுந்தது.

டிரெய்னர்கள் இந்த இடத்தை "ஒரு சின்ன டெக்னிக்கல் இஷ்யூ" என்று தாண்டிவிடுவார்கள். அவர்களுக்கு மைக்கிடம் போய்ச் சேர அவசரம். நான் பர்ச்சேஸ்காரன். எனக்குத் தவானும் தெரிவதில்லை, கலாமும் தெரிவதில்லை. வால்வுதான் தெரிகிறது. அந்த வால்வு எந்த வெண்டர்? இண்டென்ட் போட்டது யார்? எத்தனை கொட்டேஷன்? எல்-1 தானா?

எல்-1 தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வந்த விலைப்புள்ளிகளில் எது ஆகக் குறைவோ அது எல்-1. அதைத்தான் வாங்க வேண்டும். வேறு எதை வாங்கினாலும் ஆடிட்டர் வந்து, "ஏன் சார், அவர் உங்க சொந்தக்காரரா?" என்பார். இஸ்ரோவில் எப்படி வாங்கினார்கள் என்பது அவர்கள் சமாசாரம். எங்கள் கம்பெனி ராக்கெட் விட்டிருந்தால் எப்படி வாங்கியிருப்போம் என்பதை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். மூன்று கொட்டேஷன். கம்பாரட்டிவ் ஸ்டேட்மெண்ட். எல்-1 பார்ட்டியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, இன்னும் எட்டு சதவீதம் குறைத்து, பி.ஓ. போட்டிருப்போம். வால்வு வந்திருக்கும். பெயிண்ட் பளபளவென்று இருக்கும். திறக்கும். மூடாது. கூப்பிட்டுக் கேட்டால், "சார், மூடணும்னு உங்க ஸ்பெசிஃபிகேஷன்ல போடலையே" என்பான். எடுத்துப் பார்த்தால் உண்மையாகவே போட்டிருக்காது.

டிரெய்னர் கலாமின் கண்ணீரில் இருந்தபோது எனக்கு வழக்கமாக வருகிற வியாதி வந்துவிட்டது. நான் வேலை பார்த்த மேலாளர்கள் ஒவ்வொருவரையும் தவானின் நாற்காலியில் உட்கார வைத்து, 1979 ஆகஸ்ட் 10 காலையில் என்ன செய்திருப்பார்கள் என்று பார்ப்பது. நீங்களும் செய்து பாருங்கள். பெப்பர்மிண்ட்டைவிட நன்றாகப் பொழுது போகும்.

முதலாமவர் வருகைப் பதிவேட்டுக்காரர். ராக்கெட் விழுந்த செய்தி வந்ததும் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: "விழும்போது யார் யார் சீட்ல இல்லை?" டீ குடிக்கப் போனவர்கள் நான்கு பேர் பிடிபட்டிருப்பார்கள். விசாரணை அத்துடன் முடிந்திருக்கும். வால்வைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது. வால்வு சீட்டிலேயே இருந்திருக்கிறது.

அடுத்தவர் "நான் அப்பவே சொன்னேன்" ரகம். எந்தத் திட்டம் வந்தாலும் ஒரு சந்தேகத்தை மினிட்ஸில் ஏற்றிவிடுவார். சந்தேகங்களை வைப்புநிதி மாதிரி போட்டு வைத்து, முதிர்ந்ததும் வட்டியோடு எடுப்பார். அவர் பத்திரிகையாளர் கூட்டத்துக்குப் போயிருப்பார், ஆனால் சாட்சியாக. "எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே இந்த இரண்டாம் கட்டத்துல ஒரு நெருடல். 1974 மினிட்ஸ், ஆறாவது பத்தி, பாருங்க." அந்த மினிட்ஸில் முதல் கட்டம், மூன்றாம் கட்டம், நான்காம் கட்டம், ராக்கெட்டின் நிறம் எல்லாவற்றின் மேலும் நெருடல் பதிவாகியிருக்கும். எது விழுந்தாலும் அவர் சொன்னது பலிக்கும்.

இன்னொருவர் பி.பி.டி. மன்னர். அவர் அகராதியில் தோல்வி கிடையாது. ராக்கெட் விழவில்லை, "இலக்கு மாற்றியமைக்கப்பட்டது." பச்சை நிற ஸ்லைடில், "560 கிலோமீட்டர் தூரத்தை 317 விநாடியில் கடந்த சாதனை" என்று போட்டு, பக்கத்தில் பேருந்தில் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு பார் சார்ட்டும் வைத்திருப்பார். கடலில் எப்படிப் பேருந்து போகும் என்று கேட்டவரை அடுத்த மாதம் ஓசூர் யூனிட்டுக்கு மாற்றியிருப்பார்.

ஃபார்வர்டு மேலாளரை மறக்கக் கூடாது. சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. வருவதை அப்படியே கீழே தள்ளி, மேலே "பிளீஸ் டூ தி நீட்ஃபுல்" என்று மட்டும் போடுவார். டெல்லியிலிருந்து "ராக்கெட் என்ன ஆயிற்று?" என்று கேட்டால் அது கலாமுக்குப் போகும். அவர் இரண்டாம் கட்டக் குழுவுக்கு அனுப்புவார். அவர்கள் வால்வுப் பிரிவுக்கு. வால்வுப் பிரிவு பர்ச்சேஸுக்கு. பர்ச்சேஸிலிருந்து, "மேலிடத்து வழிகாட்டுதல் வேண்டி" என்று சாயங்காலம் திரும்ப இவருக்கே வரும். தன் மெயில்தான் என்று தெரியாமல் இவர் மறுபடி "பிளீஸ் டூ தி நீட்ஃபுல்" போடுவார். 1980 ஜூலை வரை அந்த மெயில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" மேலாளர் எல்லாரையும் கட்டிப்பிடித்திருப்பார். கேண்டீனில் கேசரி போடச் சொல்லியிருப்பார். இன்கிரிமெண்ட் பற்றிக் கேட்டால், "குடும்பத்துக்குள்ள கணக்குப் பார்க்கலாமா?" கமிட்டி மேலாளர் மூவர் குழு போட்டிருப்பார், மூவரில் ஒருவர் வால்வை விற்றவராக இருப்பார், "சப்ஜெக்ட் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணுமில்ல?" ஒருவர் ஏவுதலுக்கு முந்தின நாள் இரவே, "லேசா வயிறு சரியில்லை" என்று மெசேஜ் போட்டிருப்பார். அவர் வயிறு எந்தத் தணிக்கையையும் ஒரு நாள் முன்னதாகவே உணர்ந்துவிடும்.

நீளுகிறது, தெரியும். இன்னும் ஒருவர் இருக்கிறார், அவரை விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவர் எம்பவர்மெண்ட்காரர். இப்போதைய ஜி.எம்.முக்கு முந்தையவர். எங்கள் பிரிவுக்குத் தவான் கதையை முதலில் கொண்டுவந்த புண்ணியவான். ஒவ்வொரு அப்ரைசல் கூட்டத்திலும் சொல்வார். "மைக்கைக் கலாம் கையில கொடுத்தாரு பாருங்க" என்னும்போது குரல் உடையும். அந்த நாற்காலியில் அவர் இருந்திருந்தால் இரண்டு கூட்டங்களையும் நடத்தியிருப்பார், தேதியை மட்டும் மாற்றி. 1979 ஆகஸ்டில் கலாமின் தோளில் கை போட்டு, "இன்னைக்கு நீங்க பேசுங்க. உலகப் பத்திரிகையெல்லாம் வந்திருக்கு. உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர்" என்றிருப்பார். 1980 ஜூலை 18-ஆம் தேதி, 35 கிலோ ரோகிணி சுற்றுப்பாதையில் போய் உட்கார்ந்ததும், "ரொம்ப உழைச்சிட்டீங்க. கண்ணெல்லாம் சிவந்திருக்கு. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க, மைக்கை நான் பார்த்துக்கறேன்" என்றிருப்பார். கலாமும் பாவம், நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

இது கற்பனையல்ல, ராக்கெட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால். டெலிவரி தவறிய மாதங்களில் எம்.டி.யின் ரிவ்யூ மீட்டிங்குக்கு நாங்கள் போவோம், எங்கள் வளர்ச்சிக்காக. கையிருப்புச் சரக்கு குறைந்து லாபம் காட்டிய மாதங்களில் அவர் போவார், எங்கள் ஓய்வுக்காக. எங்கள் பிரிவில் நன்றாக வளர்ந்தவர்கள் நிறையப் பேர். நன்றாக ஓய்வெடுத்தவர் ஒருவரும் இல்லை.

தவான் கதை அலுத்த டிரெய்னர்கள் ஸ்ரீதரனிடம் போவார்கள். மெட்ரோ மனிதர் ஸ்ரீதரன். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பன் பாலத்தையும் அடித்துக்கொண்டு போயிற்று. சரி செய்ய ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். அவருடைய மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். நியாயமாகப் பார்த்தால் இதைக் கேட்கிறவன் அந்த 46 நாளில் அவர் கீழே இருந்தவர்களை எப்படி வேலை வாங்கினார், சாமான்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று விசாரிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கவனம் முழுக்க நடுவில் ஒரே வரியில் வந்து போகிற அந்த மேலதிகாரி மேல். ஆறைப் பாதியாக்கிய மகான்! அவருடைய பெயரை எந்த டிரெய்னரும் சொல்வதில்லை. ஆனால் நான் பார்த்த மேலாளர்கள் அத்தனை பேரும் அவருடைய நேரடிச் சீடர்கள். ஃபவுண்டரிக்காரர் காஸ்டிங் கொடுக்கப் பன்னிரண்டு வாரம் கேட்பார். மேனேஜர் ஆறு என்பார். ஜி.எம். மூன்று என்பார். காஸ்டிங் பன்னிரண்டு வாரத்தில்தான் வரும், இரும்புக்குப் பாம்பன் கதை தெரியாது. ஏன் மூன்று வாரத்தில் வரவில்லை என்று நடக்கிற மீட்டிங்குகளால் பன்னிரண்டு பதினான்கு ஆவதும் உண்டு.

அதே ஸ்ரீதரன் கொங்கண் ரயில்வே பணியிடங்களில் மீதி நாட்களைக் காட்டும் தலைகீழ்க் கடிகாரம் வைத்தார் என்று கேள்விப்பட்டு எங்கள் எம்.டி.யும் ஒன்று வாங்கச் சொன்னார். மூன்று கொட்டேஷன், எல்-1. ரிசப்ஷனில் மாட்டினோம். புது ஷெட்டுக்கு இத்தனை நாள் பாக்கி என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. பூஜ்யம் ஆனது. ஷெட் ஆகவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போகத் தெரியாத கடிகாரம் அது, அங்கேயே நின்றுவிட்டது. கழற்றவும் யாருக்கும் தைரியமில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம்.

தவானுக்கு வருகிறேன். கதை சொல்கிறவர்கள் அவரைப் பற்றி அந்த இரண்டு காலைகளைத் தவிர ஒன்றுமே சொல்வதில்லை என்பது எனக்கு இன்னொரு எரிச்சல். 1920-இல் ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரில் கணிதமும் இயற்பியலும் படித்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கி, அப்புறம் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். கால்டெக்கில் டாக்டர் பட்டம். 1972-இல் இஸ்ரோவுக்கு வந்தபோது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவியை விடவில்லை. இரண்டையும் சேர்த்தே பார்த்தார். பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று ஒரு புத்தகம் வேறு எழுதியிருக்கிறார். அவர் காலமான 2002-இல் ஏவுதளத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். இலக்கியம் படித்தவர், பறவை பார்த்தவர், இரண்டு நிறுவனங்களை நடத்தியவர். ஒரு நிறுவனத்தில் ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஜி.எம்.முக்கு மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. நின்றுகொண்டே ஃபோனில், "ஐ வில் சர்க்கிள் பேக்" என்கிறார். இதுவரை யாரிடமும் சுற்றி வந்ததாகத் தகவல் இல்லை.

இத்தனைக்கும் லிங்க்ட்இன்னில் அவரிடமிருந்து பாடம் கற்றவர்கள் ஏராளம். "என் மேலாளர் எனக்குக் கற்றுத்தந்த ஏழு விஷயங்கள்." ஒரு வரி. ஒரு வரி இடைவெளி. இன்னொரு வரி. படிக்கிறவனுக்கு மூச்சு வாங்குமோ என்ற கரிசனம். கீழே ரிசார்ட்டில் எடுத்த போட்டோ, எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு. நான் கவனித்த வரையில் இந்தக் கற்றல் ஜனவரியில் தளிர்த்து, பிப்ரவரியில் பூத்து, மார்ச் மூன்றாம் வாரத்தில் காய்த்துக் குலுங்குகிறது. அப்ரைசல் லெட்டர் வந்த பிறகு யாரும் யாரிடமும் எதுவும் கற்பதில்லை. நானும் அவற்றுக்கெல்லாம் லைக் போட்டேன். போடாதவர்களை ஜி.எம். கவனிக்கிறார் என்று ஸ்டோர்ஸ்காரர் சொன்னார். சிலவற்றுக்கு இதயமும் போட்டேன்.

இனி என்னைச் செதுக்கியவர்.

அம்பத்தூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர். "செதுக்கினார்" என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. யாரையும் செதுக்குகிற உத்தேசம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. காலையில் வருவார். டிபன் பையை ஆணியில் மாட்டுவார். கம்பாரட்டிவ் ஸ்டேட்மெண்ட்டை வைத்தால் கால்குலேட்டரைத் தொடாமல், பென்சிலால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே கீழே வரை கூட்டுவார். சரியாக இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பேசாமல் திருப்பித் தருவார். அன்றைக்கு வந்த ஃபைல் அன்றைக்கே போகும். ஐந்தே முக்காலுக்கு டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நாங்களும் கிளம்பிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அவர் குரலை நான் கேட்டதே இல்லை. "டீம்" என்ற சொல்லை அவர் கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் வைத்திருந்தார்.

இதை எப்படி 150 சொல்லாக்குவது? ஹெச்.ஆர். படிவத்தில் "உங்கள் வாழ்வை மாற்றிய தருணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. நினைத்து நினைத்துப் பார்த்ததில் ஒன்று தேறியது. ஒரு முறை ஒரு லாரி காஸ்டிங் முழுக்க ஓட்டை ஓட்டையாக வந்து, லைன் நின்றுவிட்டது. எம்.டி. எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, "இந்த வெண்டரைப் பிடிச்சுட்டு வந்த அறிவாளி யாரு?" என்று கத்தினார். அறையில் சத்தமே இல்லை. எங்கள் மேனேஜர், "நான்தான் சார்" என்றார். எம்.டி. அரை மணி நேரம் பேசினார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

ஆகா, தவான் அல்லவா என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அந்த வெண்டர் எம்.டி.யின் சகலை. பிடித்துக்கொண்டு வந்தவர் எம்.டி.யேதான். அது எம்.டி.க்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும், சுவரோரம் நின்ற எங்களுக்கும் தெரியும். கீழே இருப்பவனின் பழியை மேலே இருப்பவர் ஏற்பதற்கு டிரெய்னரிடம் கதை இருக்கிறது, புல்லாங்குழலும் இருக்கிறது. மேலே இருப்பவரின் பழியை அவருக்கே நேராக நின்று நடுவில் இருப்பவர் வாங்கிக்கொண்டால் அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது? தியாகமா, சாமர்த்தியமா, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் பாக்கி இருந்த மனிதரின் கணக்கா? வெளியே வந்ததும் கேட்டேன். "யாராவது ஒருத்தர் சொன்னாத்தானே மீட்டிங் முடியும்? மணி ஒண்ணாகுது, சாப்பிட வேண்டாமா?" என்றார்.

கட்டம் காலியாகவே இருக்கிறது. அவரையே கேட்டுவிடலாம் என்று நேற்று ராத்திரி ஃபோன் செய்தேன். வயது எண்பதை நெருங்குகிறது, குரல் அப்படியே இருக்கிறது.

"சார், உங்களைப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க."

"என்னைப் பத்தியா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். லீடர்ஷிப் பத்தி. உங்ககிட்ட நான் என்ன கத்துக்கிட்டேன்னு."

"என்ன கத்துக்கிட்டே?"

"அதான் சார் கேக்கறேன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். நான் பேனாவைத் திறந்துகொண்டேன்.

"நீ இன்னும் பர்ச்சேஸ்லதானே இருக்கே?" என்றார். "நம்ம வீட்டு சம்ப் மோட்டார் மூணு நாளா உறுமுது, தண்ணி ஏற மாட்டேங்குது. புதுசு போட்டுடலாம்னு பையன் சொல்றான். எது நல்லா இருக்கும்?"

"காலையிலயே மூணு கொட்டேஷன் வாங்கி அனுப்பிடறேன் சார்."

"அதெல்லாம் வேண்டாம்ப்பா. ஓடற மோட்டாரா ஒண்ணு சொல்லு."